வாடையும் வாதமும்

நோய்களுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர்கள், அந்நோய்களைப் பற்றி முன்னோர் கொண்டிருந்த கருத்துகளைத் தம்முள் தாங்கி நிற்பவை. மருத்துவ அறிவு வளர்ந்து பழைய கருத்து மறைந்த பின்னும் பெயர் மறைவதில்லை. நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென வாய் கோணி, பேச்சுக் குழறி, உடலின் ஒரு பக்கம் செயலற்று வீழ்ந்துவிடும் கொடிய நோய்க்குத் தமிழர் இட்ட பெயர் பக்கவாதம். பாரிசவாயு என்பது அதன் மற்றொரு பெயர். வாதம் எனினும் வாயு எனினும் பொருள் காற்றே. உடலை இயக்குவன வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்று என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. திருவள்ளுவரும் ‘மருந்து’ அதிகாரத்தின் முதற்குறளில் அம்மூன்றைச் சுட்டுங்கால் வளியையே முதலாக வைத்துள்ளார்.

இக்கருத்து தமிழருக்கு மட்டும் உரியதன்று. மலாய் மக்கள் இந்நோயை ‘அங்கின் அஹ்மார்’ என்பர். செங்காற்று என்பது அதன் பொருள். சீனர் ‘சொங்ஃபெங்’ என்பர். காற்றினால் தாக்குண்ட நிலை என்று அது விரியும். அதே சீன எழுத்துகளைக் கடன்கொண்ட ஜப்பானியர் அவற்றைச் ‘சூஃபூ’ என்று ஒலித்தனர். கிரேக்கச் சொல்லாகிய ‘அப்பொப்ளெக்ஸியா’வும், ஆங்கிலச் சொல்லாகிய ‘ஸ்ட்ரோக்’கும் அடித்து வீழ்த்தப்படுதல் என்னும் பொருளைத் தருகின்றன. ஆசியாவில் வாழ்ந்த பல இனத்தார் இந்நோயைக் காற்றோடு இணைத்தே எண்ணியுள்ளனர் என்பது இதனால் புலனாகும்.

இவ்வெண்ணம் வெறும் மூடநம்பிக்கைதானா? அல்லது வானிலைக்கும் பக்கவாதத்திற்கும் உண்மையிலேயே ஏதேனும் தொடர்பு உண்டா? ஏறத்தாழ 2400 ஆண்டுகளாக மருத்துவ உலகம் எழுப்பி வந்த வினா இது. அதற்கு விடை காணப்பட்ட வரலாறு, அறிவு எவ்வாறு படிப்படியாக வளர்கிறது என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

குளிர்கால நோய்

கி.மு. 460ஆம் ஆண்டளவில் கோஸ் என்னும் தீவில் பிறந்த கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ். அவர் பெயரால் வழங்கும் நூல்களுள் ‘காற்றுகள், நீர்நிலைகள், இடங்கள்’ என்பது ஒன்று. புதியதோர் ஊருக்குச் செல்லும் மருத்துவன், அவ்வூரில் வீசும் காற்றையும் மாறி வரும் பருவங்களையும் மக்கள் பருகும் நீரையும் முதற்கண் அறிந்துகொள்ள வேண்டும் என்று அந்நூல் வலியுறுத்துகிறது. அவர் பெயரால் வழங்கும் மருத்துவ முதுமொழித் தொகுப்பு, குளிர்காலத்தில் மிகும் நோய்களின் வரிசையில் இருமலோடும் மார்பு வலியோடும் இந்நோயையும் சேர்த்துள்ளது. நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்டோரை இது மிகுதியாகப் பற்றும் என்றும் கூறுகிறது. கருவிகள் ஏதுமில்லாத காலத்தில், கண்ணால் கண்டதை மட்டுமே கொண்டு எழுதப்பட்டவை இவை.

கண்டது சரி, ஆனால் காரணம் விளங்கவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் புகழுடன் விளங்கிய காலென் என்னும் மருத்துவர், குளிர்ந்து தடித்த சளி மூளையின் உட்புழைகளை அடைத்துக்கொள்வதே இந்நோய்க்குக் காரணம் என்றார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பா அவர் கருத்தையே நம்பியது.

அந்நம்பிக்கையை அசைத்தவர் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரைச் சேர்ந்த யோஹான் யாக்கோப் வெப்ஃபர் என்பவர். இந்நோயால் இறந்தோரின் உடல்களை அறுத்து ஆராய்ந்த அவர், மூளையினுள் இரத்தக்குழாய் வெடித்து இரத்தம் பரவியிருந்ததைக் கண்டார். 1658ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின், 1705, 1706ஆம் ஆண்டுகளில் ரோமாபுரியில் திடீர் மரணங்கள் தொடர்ந்து நிகழ்ந்து மக்களைப் பேரச்சத்தில் ஆழ்த்தின. போப்பாண்டவரின் மருத்துவராகிய லான்சீசி இறந்தோர் உடல்களை ஆராய்ந்து, இதயத்திலும் மூளையிலும் ஏற்பட்ட கோளாறுகளை 1707ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். நோயின் இருப்பிடம் மூளையின் இரத்தக்குழாய்களே என்பது இவ்வாறு தெளிவுபெற்றது. அக்குழாய் வெடிப்பதும் உண்டு. உறைகட்டியால் அடைபடுவதும் உண்டு. இரண்டிலும் மூளையின் ஒரு பகுதி இரத்தமின்றி மடிகிறது.

காற்று என்னும் பழங்கருத்து இதனால் வலுவிழந்தது. ஆயினும் ஒரு கேள்வி மட்டும் எஞ்சி நின்றது. மூளைக்குள் இருக்கும் இரத்தக்குழாய்க்கும் வெளியே வீசும் குளிர்காற்றுக்கும் என்ன உறவு? குளிர்காலத்தில் இந்நோய் ஏன் மிக வேண்டும்?

அளவுகோல் கிடைத்தது

இக்கேள்விக்கு விடை காண, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளக்க வேண்டியிருந்தது. அதுவே இரத்த அழுத்தம். ஆங்கிலேயப் பாதிரியாராகிய ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையின் இரத்தக்குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எட்டடிக்கு மேல் எழும்பியதைக் கண்டு 1733ஆம் ஆண்டில் எழுதினார். மனிதரிடம் அத்தகைய சோதனையைச் செய்ய இயலாது. 1896ஆம் ஆண்டில் இத்தாலியரான ரீவா ரோச்சி, கையில் பட்டையைச் சுற்றிப் பாதரசத்தின் உயரத்தால் அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். 1905ஆம் ஆண்டில் இரசிய மருத்துவர் கொரொட்கோவ், பட்டைக்குக் கீழே நாடியொலியைக் கேட்டு அளக்கும் முறையைச் சேர்த்தார். மருத்துவமனைகளில் இன்றளவும் அம்முறை வழங்கி வருகிறது.

அளவுகோல் கிடைத்ததும் குளிரின் வேலை வெளிப்படத் தொடங்கியது. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹைன்ஸ், பிரவுன் என்னும் இருவர், ஒருவரின் கையைப் பனிக்கட்டி நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, அப்பொழுது இரத்த அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் சோதனையை 1932ஆம் ஆண்டில் வகுத்தனர். கை ஒன்று குளிர்ந்ததற்கே உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தின் அழுத்தம் ஏறியது. 1961ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ரோஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர், மனிதரின் இரத்த அழுத்தம் பருவத்திற்குப் பருவம் மாறுவதை எடுத்துக்காட்டினார். பிரிட்டனில் 17,000க்கும் மேற்பட்டோரை அளந்து 1982ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வும், கோடையைவிடக் குளிர்காலத்தில் அழுத்தம் மிகுகிறது என்பதையும், முதியோரிடம் அவ்வேறுபாடு கூடுகிறது என்பதையும் உறுதி செய்தது.

இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. குளிர் பட்டவுடன் உடல் தன் வெப்பத்தைக் காக்க முனைகிறது. தோலில் உள்ள நுண்குழாய்கள் சுருங்குகின்றன. அங்கே ஓடிய இரத்தம் உள்ளுறுப்புகளை நோக்கித் திருப்பப்படுகிறது. குழாய் குறுகினால் அழுத்தம் ஏறுவது இயல்பு. மிகுந்துவிட்ட நீரைச் சிறுநீரகம் வெளியேற்றுவதால் இரத்தம் கெட்டியாகிறது. உறையும் தன்மையும் கூடுகிறது. இளைஞர் உடல் இதனைத் தாங்கும். நெடுநாள் இரத்தக் கொதிப்பால் நலிந்த மூளைக்குழாயோ இவ்வேற்றத்தைத் தாங்காது வெடித்துவிடக்கூடும். அல்லது உறைகட்டியால் அடைபடக்கூடும்.

பனி நாட்டின் பாடம்

இந்த உண்மைக்கு ஒரு நாடே சான்றாக நின்றது. அதுதான் ஜப்பான். 1950ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் காசநோயே உயிர்களை மிகுதியாகக் கவர்ந்து வந்தது. 1951ஆம் ஆண்டில் அவ்விடத்தைப் பக்கவாதம் பற்றிக்கொண்டது. 1980ஆம் ஆண்டு வரை, முப்பது ஆண்டுகள், ஜப்பானியரின் மரணக் காரணங்களுள் அதுவே முதலிடம் வகித்தது. அதிலும் தொஹோக்கு எனப்படும் வடகிழக்கு வட்டாரத்தில், அக்கித்தா, அவோமோரி முதலிய மாநிலங்களில், உழவர்கள் வயது முதிராமுன்னரே இந்நோய்க்கு இரையாயினர். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் குடும்பத் தலைவர் வீழ்ந்துவிட, நிலத்தை உழ ஆளின்றி வீடுகள் தவித்தன.

தொஹோக்கு பனி மிகுந்த நிலம். சைபீரியாவிலிருந்து வரும் வாடைக்காற்று கடலைக் கடந்து வந்து மாதக்கணக்கில் பனியைக் கொட்டுகிறது. ஆனால் அங்குள்ள பழைய வீடுகளோ குளிருக்கென அமைந்தவை அல்ல. வீட்டைக் கோடையை எண்ணியே கட்ட வேண்டும் என்று பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கென்கோ என்னும் துறவி எழுதி வைத்தார். புழுக்கம் மிகுந்த ஜப்பானியக் கோடைக்கு அது தக்க அறிவுரையே. மெல்லிய மரச்சுவர், தாள் ஒட்டிய கதவு, உயர்ந்த கூரை ஆகியவற்றோடு காற்று தங்குதடையின்றி உலவும் வகையில் வீடுகள் எழுந்தன. குளிர்காலத்தில் அவ்வீடுகளின் நடுவே ஓர் அடுப்புக் குழி எரியும். அதனைச் சுற்றி அமர்ந்தோரின் கை மட்டும் சூடேறும். முதுகு குளிரில் விறைக்கும். படுக்கையறையில் நெருப்பே இராது. குளியலறையும் கழிப்பிடமும் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருந்தன.

குளிர் மற்றொரு வழியாகவும் தாக்கியது. நிலம் பனியால் மூடப்படும் மாதங்களில் பசிய காய்கறி கிடையாது. ஆகவே இலையையும் கிழங்கையும் மீனையும் உப்பிலிட்டுச் சேமித்தனர். உப்பூறிய காயும் உப்பு மிகுந்த மிசோச் சாறும் பெருமளவு சோறுமே அவர்களது உணவு. அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் டால், ஐந்து மக்கட்குழுவினரின் உப்பு உணவையும் இரத்தக் கொதிப்பையும் ஒப்பிட்டு 1960ஆம் ஆண்டில் எழுதினார். அவர்களுள் வட ஜப்பானியரே உப்பிலும் கொதிப்பிலும் முதலிடம் பெற்றனர். நாளொன்றுக்கு அவர்கள் உண்ட உப்பு 25 கிராமுக்கும் மேல். 5 கிராமுக்குக் குறைவாக உண்பதே நலம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்பு ஆண்டு முழுவதும் அழுத்தத்தை உயர்த்தி வைத்தது; குளிர் அதன்மீது மேலும் ஒரு சுமையை ஏற்றியது.

ஹொக்கைடோ உணர்த்திய உண்மை

குளிரே முழுக் காரணம் எனின், குளிர் மிகுந்த இடத்தில் நோயும் மிகுந்திருக்க வேண்டும் அன்றோ? ஜப்பானின் வடகோடியில் உள்ள பெருந்தீவு ஹொக்கைடோ. தொஹோக்குவைவிட அங்கே குளிர் கடுமை. இருப்பினும் பக்கவாத மரணம் அங்கே குறைவாகவே இருந்தது. தொஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எய்ஜி தக்காஹாஷி முதலானோர் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நாடு முழுவதிலும் இந்நோய் எங்கெங்கு எவ்வளவு பரவியிருந்தது என்பதை ஆராய்ந்தது. அவோமோரியின் ஹிரோசாக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாவோசுக்கே சசாக்கி, 1954ஆம் ஆண்டு தொடங்கி உழவர் சிற்றூர்களுக்கே சென்று மக்களின் இரத்த அழுத்தத்தை அளந்து வந்தார். அவர்கள் கவனத்தை ஈர்த்தவற்றுள் வீட்டின் உள்வெப்பமும் ஒன்று.

ஹொக்கைடோவில் பெரும்பாலானோர் மெய்ஜி காலம் தொடங்கிய பின் குடியேறியவர்கள். கடுங்குளிரை எதிர்கொள்ள வேண்டியிருந்தமையால் பழைய வீட்டு முறையை அவர்கள் கைவிட்டனர். அறை முழுவதையும் சூடாக்கும் இரும்புக் கணப்புகளை அமைத்தனர். தீவிலேயே வெட்டியெடுத்த நிலக்கரி அவற்றுக்கு எரிபொருளாயிற்று. வெளியே பனி எவ்வளவு கொட்டினும் வீட்டினுள் வெப்பம் நிலவியது. அவர்கள் வாழ்ந்த குளிர், வானிலை அறிக்கையில் கூறப்படும் குளிர் அன்று. மனிதனைத் தாக்குவது வெப்பமானியில் பதியும் ஊர்க்குளிரைவிட, அவன் உறங்கும் அறைக்குள் புகுந்துவிட்ட குளிரே என்பதை ஹொக்கைடோ உணர்த்தியது.

பிற்காலத்தில் ஐரோப்பாவிலும் இவ்வுண்மை உறுதிப்பட்டது. 1997ஆம் ஆண்டில் வெளிவந்த பெரியதோர் ஆய்வு, குளிர் மிகுந்த தென் பின்லாந்தைவிட மிதமான குளிருடைய ஏதென்சில்தான் குளிரால் நேரும் மரணம் விரைந்து ஏறுகிறது என்று கண்டது. வெளிவெப்பம் 7 பாகை செல்சியஸாக இருக்கும் நாளில் பின்லாந்து வீட்டுக் கூடத்தின் வெப்பம் 21.7 பாகை, ஏதென்சிலோ 19.2 பாகை. அத்தகைய நாளில் வெளியே செல்லும் பின்லாந்தினருள் 72 விழுக்காட்டினர் தொப்பி அணிந்திருந்தனர்; ஏதென்சினருள் 13 விழுக்காட்டினரே அணிந்திருந்தனர். குளிரை அறிந்தவர் அதற்கு ஆயத்தமாகின்றனர்; அதனைச் சிறிதென எண்ணியவரே வீழ்கின்றனர்.

இக்காவா என்னும் சிற்றூர்

ஜப்பானியர் காரணத்தைக் கண்டதோடு அமையாமல் செயலிலும் இறங்கினர். அக்கித்தா மாநிலத்தின் இக்காவா என்னும் சிற்றூரில் 1963ஆம் ஆண்டில் பக்கவாதத் தடுப்புப் பணி தொடங்கியது. மருத்துவர்களும் செவிலியர்களும் ஊராரின் இரத்த அழுத்தத்தை அளந்தனர். கொதிப்பு உடையோரை மருந்துண்ணச் செய்தனர். உப்பைக் குறைக்கும் வகையை இல்லத்தரசியருக்குக் கற்பித்தனர். இத்தகைய பணி முழுமையாக நடைபெற்ற பகுதியையும் சிறிதளவே நடைபெற்ற பகுதியையும் ஆய்வாளர் பல ஆண்டுகள் ஒப்பிட்டனர். முழுமையாக நடைபெற்ற பகுதியில் ஆடவரிடையே நோய் கூடுதலாகக் குறைந்தது.

நாடெங்கும் மாற்றம் பரவியது. 1961ஆம் ஆண்டில் எல்லாக் குடிமக்களுக்கும் மருத்துவக் காப்புறுதி கிட்டியது. மண்ணெண்ணெய்க் கணப்பும் குளிர்பதனப் பெட்டியும் வீடுகளில் இடம்பெற்றன. பசிய காய்கறி குளிர்காலத்திலும் கிடைத்தது. உப்பிலிட வேண்டிய தேவை குறைந்தது. 1960களின் நடுப்பகுதிக்குப் பின் பக்கவாத மரணம் விரைந்து சரிந்தது. 1981ஆம் ஆண்டில் முதலிடத்தைப் புற்றுநோய் பெற்றது. அக்கித்தாவின் வாடை இவ்வாண்டுகளில் நின்றுவிடவில்லை. மாறியது வானிலை அன்று. வீடும் உணவும் மருத்துவமுமே மாறின.

எனினும் பணி முடிந்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஜப்பானியர் உண்ணும் உப்பு நாளொன்றுக்குச் சராசரி 10.1 கிராமாக இருந்தது. அவ்வாண்டிலேயே வெளியான ஆய்வு ஒன்று, குளிர்காலக் காலையில் வீட்டின் உள்வெப்பம் 10 பாகை குறையும்போது இரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 8.2 புள்ளி ஏறுகிறது என்று காட்டியது. குளிர்ந்த அறையில் ஆடை களைந்து, கொதிக்கும் நீர்த்தொட்டியில் இறங்கும் முதியோர் மயங்கி மாள்வது அங்கே குளிர்காலந்தோறும் நிகழும் துயரம். குளிரிலிருந்து வெப்பத்திற்கு உடல் திடீரென மாறுவதே அங்கே கேடாகிறது. வீட்டின் உள்வெப்பம் 18 பாகைக்குக் குறையலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

வெயிலின் பங்கு

வெப்பத்திற்கும் இதில் பங்குண்டு. கடும் வெயிலில் வியர்வையாக நீர் வெளியேற, இரத்தம் கெட்டியாகி உறையத் தலைப்படும். 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் தகாத தட்பவெப்பத்தோடு தொடர்புற்ற பக்கவாத மரணங்கள் ஏறத்தாழ 5 இலட்சத்து 21 ஆயிரம் என்றும், அவற்றுள் 4 இலட்சத்து 74 ஆயிரம் குளிரோடு தொடர்புற்றவை என்றும் 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. இன்னும் குளிரே பெரும்பகை. ஆயினும் புவி வெப்பமடைந்து வருவதால் வெயிலின் பங்கு ஏறுமுகமாக உள்ளது.

பனியே காணாத மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கு இவ்வரலாற்றால் பயன் என்ன என்று கேட்கலாம். ஆண்டு முழுவதும் வெப்பம் ஏறத்தாழ ஒரே சீராக நிலவும் மலேசியாவிலும் பக்கவாதம் உயிர் கவரும் தலையாய நோய்களுள் ஒன்றாக உள்ளது. வானிலை நோயைத் தூண்டக்கூடியதே அன்றி அதன் வேர் அன்று. வேர் இரத்தக் கொதிப்பே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இங்கும் எச்சரிக்கை தேவை. 1984ஆம் ஆண்டில் பிரிட்டனில் கீட்டிங் என்பவரும் அவர் குழுவினரும் செய்த சோதனையில், 24 பாகை வெப்பமுள்ள காற்றோட்டத்தில் ஆறு மணி நேரம் இருந்தோரின் இரத்தம் 21 விழுக்காடு கெட்டியாயிற்று, அழுத்தமும் ஏறியது. 24 பாகை என்பது இங்குள்ள குளிர்சாதன அறைகளில் வழக்கமான அளவே. நலமுள்ளோர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கொதிப்புள்ள முதியோரை விசிறிக் காற்று நேரே படும்படி மெல்லாடையுடன் அமர்த்தாதிருத்தல் நன்று.

2016ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்திலும் கெடாவின் சில பகுதிகளிலும் கடும் வெப்பத்தால் பள்ளிகள் மூடப்பட்டன. அத்தகைய நாள்களில் ‘ஹீட் ஸ்ட்ரோக்’ என்னும் சொல் அடிக்கடி செவியில் விழும். அது உடல் வெப்பம் எல்லை மீறி ஏறுவதால் வரும் வெப்பத்தாக்கு. மூளைக்குழாய் வெடிப்பதாலோ அடைபடுவதாலோ வரும் பக்கவாதம் வேறு. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. மாணவர்க்கு இவ்வேறுபாட்டை உணர்த்துவது ஆசிரியர் கடன்.

பெயர் நின்றாலும் பொருள் மாறுக

முன்னோர் காற்றின் பெயரை இந்நோய்க்கு இட்டதில் பாதி உண்மை இருந்தது. வாடை வீசும் காலத்தில் வாதம் மிகுவதை அவர்கள் கண்டனர். காற்று உடலுக்குள் புகுந்து இத்தீங்கைச் செய்வதாக எண்ணியதே பிழை. அப்பிழையால் விளையும் கேடு இன்றும் தீரவில்லை. காற்று அடித்துவிட்டது என்று சொல்லி, எண்ணெய் தடவி உருவிவிட்டால் சரியாகும் என்று காத்திருக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. அடைப்பினால் வந்த பக்கவாதமாயின், உறைகட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் கண்ட நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். வெடிப்பா, அடைப்பா என்பதை மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்த பின்னரே அறிய முடியும். உருவிவிடுவதில் கழியும் ஒவ்வொரு நாழிகையிலும் மூளையின் ஒரு பகுதி மடிகிறது. முகம் ஒரு பக்கம் சரிந்தாலும், ஒரு கை தளர்ந்து வீழ்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

அக்கித்தாவின் உழவர்கள் வானத்தை மாற்றவில்லை. வாடையை ஊழென்று கருதி வாளாவிருக்கவும் இல்லை. இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தனர், உப்பைக் குறைத்தனர், வீட்டுக்குள் கணப்பை ஏற்றினர். பக்கவாதம் என்னும் சொல் தமிழில் இன்னும் நெடுங்காலம் வழங்கும். அச்சொல்லை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர், அதிலுள்ள காற்றை மட்டும் விளக்கி அமையாது, அந்நோயைத் தடுக்க இயலும் என்பதையும் சேர்த்து விளக்குவாராயின், அச்சொல்லைக் கற்ற மாணவன் ஒருவன் தன் வீட்டில் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.